நூல் எண்: சீட்டு இல்லாத நூலின் பருமனை அறிந்த வரலாறு

நூல் எண் என்பது நூலின் நுண்மையை அல்லது தடிமனைக் குறிக்கும் எண் ஆகும். இதை ஆலைகளிலும் சந்தையிலும் ‘கவுண்ட்’ என்றும், நெசவாளர் வழக்கில் ‘நம்பர்’ என்றும் சொல்வர். 40-ஆம் நம்பர் நூல், 80-ஆம் நம்பர் நூல் என்பன இவ்வாறு வந்த பெயர்கள். நூற்கட்டின் மீது ஒட்டிய சீட்டிலோ, கோனின் உட்புறத்திலோ இந்த எண் எழுதப்பட்டிருக்கும். சீட்டு கிழிந்துபோனாலும், தவறாக எழுதப்பட்டிருந்தாலும், நூலின் எண்ணை அறிய ஒரே வழி அளந்தும் நிறுத்தும் பார்ப்பதுதான். இந்த அளவை யார் செய்வது, யாருடைய அளவை ஏற்பது என்பது நூற்போரின் கூலியையும் நெய்வோரின் பிழைப்பையும் பல நூற்றாண்டுகளாகத் தீர்மானித்து வந்துள்ளது.

கண் அளவு போதாமைக்குக் காரணம்

கயிற்றின் தடிமனைக் கோலால் அளக்கலாம். நூலை அப்படி அளக்க முடியாது. நூல் மென்மையானது, அழுத்தினால் தட்டையாகும், இழுத்தால் மெலியும். அதன் வெட்டுமுகம் எல்லா இடத்திலும் ஒரே வட்டமாகவும் இருப்பதில்லை. எனவே நூலின் பருமன், நீளத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதமாகவே உலகெங்கும் கணக்கிடப்படுகிறது. ஒரே எடையில் அதிக நீளம் தரும் நூல் நுண்ணிய நூல். குறைந்த நீளம் தருவது தடித்த நூல்.

கண் எந்த அளவுக்கு ஏமாறும் என்பதை ஒரு கணக்கு காட்டும். மான்செஸ்டரில் இருந்த ஷெர்லி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த எஃப். டி. பியர்ஸ், 1937-இல் துணியின் வடிவக் கணிதம் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். அவருடைய பெயரால் வழங்கும் வாய்பாட்டின்படி, பருத்தி நூலின் எண்ணுக்கு வர்க்கமூலம் கண்டு அதை 28-ஆல் பெருக்கினால், ஓர் அங்குல அகலத்தில் நெருக்கமாக அடுக்கக்கூடிய நூல்களின் எண்ணிக்கை கிடைக்கும். 25-ஆம் நம்பர் நூலில் இது 140. 100-ஆம் நம்பர் நூலில் 280. எண் நான்கு மடங்கானாலும் தடிமன் பாதியாகத்தான் குறைகிறது.

இதே வாய்பாட்டின்படி 36-ஆம் நம்பர் நூலின் விட்டம் சுமார் 0.151 மில்லிமீட்டர், 40-ஆம் நம்பர் நூலின் விட்டம் சுமார் 0.143 மில்லிமீட்டர். வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ஒரே எடையுள்ள இரண்டு கட்டுகளில் நீளம் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத இந்த வேறுபாட்டில்தான் நூல் வணிகத்தின் லாபமும் நட்டமும் அடங்கியிருந்தன.

பழைய இந்தியாவில் நூல் சோதனை

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் நூற்பு, நெசவுத் துறையை மேற்பார்வையிடும் அதிகாரி ஒருவரைப் பற்றித் தனி அத்தியாயத்தில் கூறுகிறது. கைம்பெண்கள், உடற்குறை உள்ளோர், வேறு ஆதரவு இல்லாத பெண்கள் முதலியோர் அவருக்காக நூல் நூற்றனர். நூல் நுண்ணியதா, தடித்ததா, நடுத்தரமா என்று பார்த்துக் கூலியை நிர்ணயிக்க வேண்டும் என்றும், கொடுத்த பஞ்சுக்கு ஏற்ற நூல் வரவில்லை என்றால் கூலியைக் குறைக்க வேண்டும் என்றும் அந்நூல் விதிக்கிறது. விடியற்காலையில் தாமே நூலைக் கொண்டுவரும் பெண்களிடம் நூலைச் சோதிக்கத் தேவையான அளவுக்கு மட்டுமே விளக்கு வெளிச்சம் இருக்க வேண்டும் என்பதும் அதிலுள்ள விதி. அதாவது பெண்களின் முகத்தைப் பார்க்க அல்ல, நூலைப் பார்க்கவே விளக்கு. நூலின் தரம் கூலியோடு பிணைக்கப்பட்டிருந்ததற்கு இது மிகப் பழைய சான்றுகளில் ஒன்று. ஆனால் நுண்மை, தடிமன், நடுத்தரம் என்ற மூன்று வகைகளும் அதிகாரியின் கண்ணையும் கையையும் நம்பியவை. அவற்றுக்கு எண் இல்லை.

வங்காளத்தின் டாக்கா மஸ்லின் நூல் தொழிலில் அளவு இன்னும் கூர்மையாக இருந்தது. அங்கு நூலின் நீளத்தை முழத்திலும், எடையைக் குன்றிமணி அளவான ரத்தியிலும் கணக்கிட்டனர். ஒரு ரத்தி எடைக்கு எத்தனை முழம் நூல் வருகிறது என்பதே அதன் தரம். பிற்காலத்தில் இங்கிலாந்து ஆலைகள் பயன்படுத்திய நூல் எண்ணின் அடிப்படைக் கருத்தும் இதுவே: எடையை மாறாமல் வைத்து, நீளத்தை எண்ணுவது.

இங்கிலாந்தில் சிட்டம் நிலைபெற்ற கதை

நூலைச் சக்கரத்தில் குறிப்பிட்ட நீளத்துக்குச் சுற்றி எடுக்கும் சுருள் சிட்டம் எனப்படும். இதைக் கழி என்றும் சிட்டா என்றும் சொல்வதுண்டு. இங்கிலாந்தில் நூல் வகைக்கு ஏற்பச் சிட்டத்தின் நீளம் வேறுபட்டது. பருத்திச் சிட்டம் 840 கெஜம். நீண்ட ரோமத்தைச் சீவி நூற்கும் வொர்ஸ்டெட் கம்பளி நூலின் சிட்டம் 560 கெஜம். ஆளிச் செடியின் நாரால் ஆன லினன் நூலுக்கு 300 கெஜம் கொண்ட அளவு இருந்தது. ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் அடங்குகிறதோ, அதுவே அந்த நூலின் எண். எனவே 40-ஆம் நம்பர் பருத்தி நூலும் 40-ஆம் நம்பர் வொர்ஸ்டெட் நூலும் ஒரே பருமன் கொண்டவை அல்ல. எண்ணைச் சொல்லும்போது நூல் வகையையும் சொல்ல வேண்டிய தேவை இதனால் எழுந்தது.

18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கம்பளி நூல் பெரும்பாலும் வீடுகளில் நூற்கப்பட்டது. வணிகர்கள் ரோமத்தைக் கிராமங்களுக்கு அனுப்பினர். பெண்களும் சிறுமிகளும் நூற்றுச் சிட்டமாகச் சுற்றித் திருப்பித் தந்தனர். கூலி சிட்டக் கணக்கில் வழங்கப்பட்டது. சுற்றும் சக்கரத்தின் சுற்றளவு சிறிது குறைந்தாலோ, எண்பது சுற்றுக்குப் பதில் எழுபத்தைந்து சுற்று இருந்தாலோ சிட்டம் குறைச் சிட்டமாகிவிடும். நெசவுக்குப் போகும்போதுதான் குறை தெரியவரும்.

இதைத் தடுக்க 1777-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. யார்க்‌ஷயர், லங்காஷயர், செஷயர் ஆகிய மாவட்டங்களுக்காக வொர்ஸ்டெட் குழு அமைக்கப்பட்டது. அதன் ஆய்வாளர்கள் கிராமங்களில் சுற்றி, பொய்ச் சிட்டமும் குறைச் சிட்டமும் சுற்றியவர்கள் மீது வழக்குத் தொடர்ந்தனர். இந்தக் குழு உற்பத்தியாளர்களின் குழு. அளவுகோல் வேலை கொடுப்பவரின் கையில் இருந்தது. வீட்டில் நூற்ற பெண் தன் சிட்டத்தைப் பற்றிச் சொல்லும் சொல்லைவிட ஆய்வாளரின் சக்கரம் சொல்லும் சொல்லே வலியது.

நுண்ணிய நூலுக்கு ஏன் இத்தனை போட்டி என்பதற்கு சாமுவேல் கிராம்ப்டனின் அனுபவம் விடை தருகிறது. அவர் 1779-இல் ‘மியூல்’ என்ற நூற்பு இயந்திரத்தை உருவாக்கினார். அதில் நூற்ற 40-ஆம் நம்பர் நூலுக்குப் பவுண்டுக்கு 14 ஷில்லிங்கும், 60-ஆம் நம்பருக்கு 25 ஷில்லிங்கும், சிறிதளவே நூற்ற 80-ஆம் நம்பருக்கு 42 ஷில்லிங்கும் கிடைத்ததாக அவரே பின்னர் குறிப்பிட்டுள்ளார். எண் இரண்டு மடங்காகும்போது விலை மூன்று மடங்காயிற்று. ஒரு பவுண்டு 80-ஆம் நம்பர் நூல் என்றால் 67,200 கெஜம், அதாவது 61 கிலோமீட்டருக்கு மேல் நீளம். இந்தியாவிலிருந்து வந்த மஸ்லினுக்கு ஈடான துணியை இங்கிலாந்திலேயே நெய்ய இத்தகைய நூல் வழிவகுத்தது. நூலின் எண் இவ்வாறு விலையின் மறுபெயர் ஆயிற்று.

சிட்டத்துக்குள் இருக்கும் கணக்கு

பருத்திச் சிட்டத்தின் 840 கெஜம் என்ற நீளம் முதலில் வினோதமாகத் தோன்றலாம். அதன் உள்ளமைப்பைப் பார்த்தால் காரணம் விளங்கும். நூல் சுற்றும் சக்கரத்தின் சுற்றளவு 54 அங்குலம், அதாவது ஒன்றரைக் கெஜம். 80 முறை சுற்றினால் 120 கெஜம். இதற்கு ‘லீ’ என்று பெயர். ஏழு லீ சேர்ந்தது ஒரு சிட்டம்.

ஆங்கில எடை முறையில் ஒரு பவுண்டு 7,000 கிரெய்ன். சிட்டத்தில் 7 லீ, பவுண்டில் 7,000 கிரெய்ன் என்பதால், ஒரு லீ நூலை நிறுத்து, 1,000-ஐ அந்த எடையால் வகுத்தால் நூல் எண் வந்துவிடும். ஒரு லீ 25 கிரெய்ன் இருந்தால் அது 40-ஆம் நம்பர். 50 கிரெய்ன் இருந்தால் 20-ஆம் நம்பர். 10 கிரெய்ன் இருந்தால் 100-ஆம் நம்பர். பள்ளி மாணவர் ஒருவர் மனக்கணக்காகவே போடக்கூடிய வகுத்தல் இது.

ஆலைகளில் இதற்கென இரண்டு கருவிகள் வந்தன. ஒன்று கால்வட்டத் தராசு. அதன் கொக்கியில் ஒரு லீ நூலை மாட்டினால், முள் நேராக நூல் எண்ணையே காட்டும். மற்றொன்று பீஸ்லி தராசு. துணியிலிருந்து பிரித்தெடுத்த சிறு துண்டு நூல்களுக்கு இது உதவும். குறித்த நீளத்துக்கு வெட்டிய துண்டுகளை ஒவ்வொன்றாகத் தராசில் இட்டு, முள் சமநிலைக்கு வரும்போது துண்டுகளை எண்ணினால் அந்த எண்ணிக்கையே நூல் எண்.

இந்த அமைப்பின் சிறப்பு வேறொன்றும் உண்டு. நேராகச் சுற்றிய சிட்டத்தில் ஏழு லீயும் தனித்தனியே தெரியும்படி குறுக்கு நூலால் பிரித்துக் கட்டப்பட்டிருக்கும். சீட்டு இல்லாவிட்டாலும் வாங்குபவர் சிட்டத்தைப் பிரித்து, சுற்றளவை அளந்து, ஒரு பிரிவில் 80 இழை உள்ளதா என்று எண்ணி, ஏழு பிரிவு உள்ளதா என்று பார்க்கலாம். பிறகு ஒரு பவுண்டுக்கு எத்தனை சிட்டம் என்று எண்ணினால் போதும். சிட்டம் தன் சாட்சியைத் தன்னுள்ளேயே வைத்திருந்தது.

பட்டுக்கு டெனியர், எல்லாவற்றுக்கும் டெக்ஸ்

பட்டு வணிகத்தில் கணக்கு தலைகீழாக அமைந்தது. அங்கு நீளத்தை மாறாமல் வைத்து எடையை அளந்தனர். 450 மீட்டர் பட்டிழை 0.05 கிராம் எடை இருந்தால் அது 1 டெனியர். அதாவது 9,000 மீட்டருக்கு 1 கிராம். பழைய பிரெஞ்சு நாணயம் ஒன்றின் பெயரே இந்த அலகுக்கு வந்தது. டெனியரில் எண் கூடினால் நூல் தடிக்கும். பருத்தி எண்ணில் எண் கூடினால் நூல் மெலியும். புதிதாகப் படிப்போர் குழம்பும் இடம் இது. கச்சாப் பட்டு 20/22 டெனியர் என இரண்டு எண்களோடு குறிக்கப்படுவதற்குக் காரணம், புழுவின் கூட்டிலிருந்து எடுக்கும் இழை இயல்பாகவே சீராக இல்லாததால் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட பருமன் என்று சொல்வதே ஆகும்.

பட்டு விலை உயர்ந்தது, ஈரத்தை இழுத்துக்கொள்வது. ஈரப் பட்டை நிறுத்து விற்றால் தண்ணீருக்கும் பட்டு விலை கொடுக்க நேரும். இதற்காகப் பிரான்சின் லியோன் நகரில் 1805-இல், பட்டின் ஈரத்தைச் சோதித்து உண்மை எடையைச் சான்றளிக்கும் பொது நிலையம் நிறுவப்பட்டது. விற்பவரும் வாங்குபவரும் அல்லாத மூன்றாம் தரப்பு நிறுத்துச் சொல்லும் முறை இதனால் வலுப்பெற்றது.

வகைக்கு ஒரு கணக்கு என்ற குழப்பத்தைத் தீர்க்க 20-ஆம் நூற்றாண்டில் டெக்ஸ் என்ற பொது அலகு சர்வதேச அளவில் ஏற்கப்பட்டது. 1,000 மீட்டர் நூலின் கிராம் எடையே டெக்ஸ். ஆனால் இந்தியச் சந்தையில் இன்றும் பருத்தி நூலுக்குப் பழைய ஆங்கில எண்ணே வழங்குகிறது. 590.5-ஐப் பருத்தி நூல் எண்ணால் வகுத்தால் டெக்ஸ் கிடைக்கும். 30-ஆம் நம்பர் நூல் சுமார் 19.7 டெக்ஸ்.

ஆலை நூலும் தமிழகத் தறியும்

19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் லங்காஷயர் ஆலை நூல் இந்தியத் தறிகளை வந்தடைந்தது. அதுவரை உள்ளூரில் நூற்ற நூலைக் கையால் உருட்டிப் பார்த்தும், ஈரப்படுத்தி இழுத்துப் பார்த்தும் வாங்கிய நெசவாளருக்கு, எண்ணிட்ட நூல் ஒரு புது வழக்கம். மான்செஸ்டர் வணிகர்கள் தங்கள் சரக்குகளில் தெய்வங்கள், யானை, புலி முதலிய வண்ணப் படச் சீட்டுகளை ஒட்டி அனுப்பினர். எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைக் கொண்டே சரக்கை அடையாளம் கண்டனர்.

பின்னர் ஆலைகள் தமிழகத்திலேயே எழுந்தன. பாபநாசத்தில் 1885-இல் ஹார்வி நிறுவனத்தின் ஆலையும், கோயம்புத்தூரில் 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முயற்சியால் நூற்பு, நெசவு ஆலையும் தொடங்கப்பட்டன. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் கோவை வட்டாரத்தில் நூற்பாலைகள் பெருகின. ஆலைகளின் தொழில்நுட்பத் தேவைக்காகத் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் 1956-இல் கோயம்புத்தூரில் நிறுவப்பட்டது. இதன் பெயர்ச் சுருக்கமான ‘சிட்ரா’ என்பதே பரவலாக அறியப்பட்டது.

கைத்தறி நெசவாளருக்கு நூல் பத்துப் பவுண்டுக் கட்டாக வந்தது. இன்றும் 4.54 கிலோ என்ற எடை நூற்கட்டுகளில் காணப்படுவது இந்தப் பத்துப் பவுண்டின் தொடர்ச்சியே. கட்டின் மீதுள்ள எண் தவறானால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 40-ஆம் நம்பர்க் கட்டில் 400 சிட்டம், அதாவது 3,36,000 கெஜம் நூல் இருக்க வேண்டும். உள்ளே இருப்பது 36-ஆம் நம்பர் என்றால் 3,02,400 கெஜமே இருக்கும். குறைவது 33,600 கெஜம். சுமார் 30 கிலோமீட்டர். தராசில் எடை சரியாகவே இருக்கும். கண்ணுக்கும் வேறுபாடு தெரியாது. பாவு ஓட்டும்போது நீளம் போதாமல் போகும். அல்லது நெய்த துணி கணக்கை மீறிக் கனக்கும். நூலை எடுத்துக் கூலிக்கு நெய்பவர், ‘நூலை என்ன செய்தாய்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். அவர் பக்கம் சாட்சி சொல்லக்கூடியது, பிரித்து எண்ணக்கூடிய சிட்டம் ஒன்றே.

கதர் இயக்கத்தில் நூல் அளவு

கை நூற்பு நூலுக்குச் சீட்டு என்பதே கிடையாது. ஒவ்வொரு வீட்டிலும், ஒவ்வொரு கையிலும் நூல் வேறுபடும். 1924-இல் காந்தியடிகள் தலைமை வகித்த பெல்காம் காங்கிரஸ், உறுப்பினர் கட்டணமாகப் பணத்துக்குப் பதில் மாதம் 2,000 கெஜம் சீரான கை நூலைக் கேட்டது. அடுத்த ஆண்டில் அந்த விதி தளர்த்தப்பட்டது. 1925-இல் அகில இந்திய நூற்போர் சங்கம் தொடங்கப்பட்டபோது, அதன் முதல் வகுப்பு உறுப்பினர் மாதம் 1,000 கெஜம் நூல் தர வேண்டும் என்று ஏற்பட்டது. தமிழகத்தில் இச்சங்கத்தின் பணிக்குத் திருப்பூர் முக்கிய மையமாக இருந்தது.

நூலே நாணயமானதால் நீளம், எடை, சீர்மை மூன்றையும் சோதிப்பது அன்றாட வேலையாயிற்று. இதற்கு ஆலைச் சக்கரம் எல்லா ஊரிலும் கிடைக்காது. எனவே நான்கு அடிச் சுற்றளவு கொண்ட எளிய மரச் சட்டம் பயன்பட்டது. அதில் 640 சுற்று ஒரு சிட்டம். 160 சுற்று கால் சிட்டம். 640 சுற்று என்பது 2,560 அடி, அதாவது ஏறத்தாழ 853 கெஜம். ஆலைச் சிட்டத்தின் 840 கெஜத்துக்கு இது மிக நெருக்கமானது. கால், அரை, முக்கால் என்று எளிதில் பிரிக்கக்கூடியது என்பது அதன் கூடுதல் நன்மை.

1937-இல் ஜாகிர் உசேன் குழு தயாரித்த வார்தா ஆதாரக் கல்வித் திட்டத்தின் நூற்புப் பாடத்திலும் 640 சுற்றுச் சிட்டமே அளவாகக் கொள்ளப்பட்டது. தக்ளியில் நூற்ற நூலைச் சுற்றி, எண்ணி, நிறுத்து, நூல் எண்ணைக் கண்டுபிடிப்பது மாணவருக்கு எண்கணிதமும் ஆயிற்று. 1777-இல் யார்க்‌ஷயரில் ஆய்வாளரின் கையில் இருந்த அளவுகோல், இங்கு நூற்பவரின் கைக்கே வந்தது. இது சிறிய மாற்றம் அல்ல.

சீட்டைக் கட்டாயமாக்கிய சட்டங்கள்

இந்தியாவில் நூற்கட்டின் மீது எண் குறிப்பது விற்பவரின் விருப்பத்துக்கு விடப்படவில்லை. 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டத்தின் 81-ஆம் பிரிவு, ஆலையிலிருந்து விற்பனைக்கு வெளியேறும் பருத்தி நூற்கட்டின் மீது எடையும் நூல் எண்ணும் தெளிவாகக் குறிக்கப்பட வேண்டும் என்று, 2013-இல் நீக்கப்படும் வரை விதித்திருந்தது. உற்பத்தியாளர் அல்லது மொத்தக் கொள்முதலாளரின் பெயரும் இருக்க வேண்டியிருந்தது. குடும்பத்தினர் சேர்ந்து நடத்தும் சிறு தொழிலிடங்களுக்கும் சிறு கூட்டுறவுச் சங்கங்களுக்கும் விதிவிலக்குக்கு அச்சட்டம் இடம் தந்தது.

நூல் எந்த வடிவில் வர வேண்டும் என்பதும் அரசின் கவனத்துக்கு வந்தது. ஆலைகளுக்கும் விசைத்தறிகளுக்கும் கோன் நூல் வசதியானது. கைத்தறிக்குச் சிட்ட நூலே தேவை, ஏனெனில் சாயம் தோய்ப்பதும் கஞ்சி இடுவதும் சிட்ட வடிவில்தான் எளிது. எனவே 1974 முதல் நூற்பாலைகள் உள்நாட்டு விற்பனை நூலில் ஒரு பகுதியைச் சிட்டமாகத் தர வேண்டும் என்ற கட்டாயம் வந்தது. தொடக்கத்தில் 50 விழுக்காடாக இருந்த அது, 2003-இல் 40 விழுக்காடாகவும் 2019-இல் 30 விழுக்காடாகவும் குறைக்கப்பட்டது. அந்தச் சிட்ட நூலில் பெரும்பகுதி 80-ஆம் நம்பரும் அதற்குக் குறைந்த எண்களுமாக இருக்க வேண்டும் என்பதும் விதி; கைத்தறிகள் அதிகம் பயன்படுத்துவது அவற்றையே.

பின்னல் நூலின் தனிச் சிக்கல்

பின்னல் நூலில் பெயர்கள் மேலும் குழப்புவன. கையால் ஸ்வெட்டர் பின்னும் கம்பளி நூலை ‘4 பிளை’ என்று சொல்வர். பிளை என்பது முறுக்கிச் சேர்த்த இழைகளின் எண்ணிக்கை. மெல்லிய நான்கு இழை சேர்ந்த நூலும், தடித்த நான்கு இழை சேர்ந்த நூலும் ‘4 பிளை’தான். ஆனால் பிரிட்டிஷ் வழக்கில் அந்தச் சொல் நாளடைவில் ஒரு குறிப்பிட்ட பருமனின் பெயராக நிலைத்துவிட்டது. இன்று இரண்டே இழை உள்ள நூலும் அந்தப் பருமன் இருந்தால் அப்பெயரில் விற்கப்படுகிறது. 100 கிராமுக்குச் சுமார் 400 மீட்டர் வந்தால் 4 பிளை என்றும், 200 முதல் 240 மீட்டர் வந்தால் ‘டபுள் நிட்டிங்’ என்றும் பொதுவாகக் கொள்வர். அமெரிக்காவில் கிராஃப்ட் யார்ன் கவுன்சில் என்ற அமைப்பு, மிக மெல்லிய நூலுக்கு 0 முதல் மிகத் தடித்த நூலுக்கு 7 வரை எண் தந்து வகைப்படுத்தியுள்ளது.

சீட்டு இல்லாத கம்பளி நூலுக்குப் பின்னுவோர் கையாளும் வழி, அளவுகோலில் ஓர் அங்குலத்துக்கு நூலை நெருக்கமாகச் சுற்றி, சுற்றுகளை எண்ணுவது. இது எளிது, ஆனால் இழுத்துச் சுற்றினால் சுற்று கூடும், தளர்த்திச் சுற்றினால் குறையும். கம்பளி காற்றோட்டமாக உப்பி நிற்கும்; பருத்தி அடர்ந்திருக்கும். ஒரே எடை, ஒரே நீளம் இருந்தும் கம்பளி நூல் தடித்துத் தோன்றும். எனவே பின்னல் நூலுக்குச் சுற்று எண்ணிக்கை, நீள எடை விகிதம் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே நம்பகமானது.

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் 20 முதல் 40 வரையிலான நம்பர் நூல் மிகுதியாகப் பயன்படுகிறது. நூல் கோனாக வருகிறது. கோனைப் பார்த்து லீ எண்ண முடியாது. சிட்டத்துக்கு இருந்த சாட்சி இங்கு இல்லை. அதனால் ஆலைகள் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு நிறக் காகிதக் கோனைப் பயன்படுத்துகின்றன. வேறு எண் கொண்ட ஒரு கோன் தவறிக் கலந்துவிட்டால், துணியில் படுக்கை வாட்டில் கோடுகள் விழும். சாயம் போட்டபிறகு அவை பளிச்சென்று தெரியும். அந்தத் துணி ஏற்றுமதிக்கு ஆகாது. கண்ணுக்குத் தெரியாத வேறுபாட்டைத் துணி காட்டிக்கொடுத்துவிடுகிறது, ஆனால் காலம் கடந்து.

சீட்டு இல்லாத நூலின் எண்ணைக் காணும் முறை

இன்று இச்சோதனையை வீட்டிலோ பள்ளியிலோ செய்யலாம். நகைக்கடைகளில் பயன்படும் 0.01 கிராம் வரை காட்டும் சிறு மின்தராசு போதும்.

1. நூலின் ஒரு முனையைப் பிரித்து, எத்தனை இழை சேர்த்து முறுக்கப்பட்டுள்ளது என்று பார்க்க வேண்டும். இரண்டு 40-ஆம் நம்பர் இழைகளை முறுக்கியது 2/40 எனப்படும். அதன் மொத்தப் பருமன் 20-ஆம் நம்பருக்குச் சமம்.

2. நூலை இழுக்காமலும் தொய்யவிடாமலும் அளக்க வேண்டும். தடித்த பின்னல் நூல் என்றால் 10 மீட்டர் போதும். மெல்லிய பருத்தி நூல் என்றால் 100 மீட்டர் வேண்டும். 10 மீட்டர் 40-ஆம் நம்பர் நூலின் எடை 0.15 கிராம்தான் என்பதால் தராசின் சிறு பிழையே எண்ணை மாற்றிவிடும். ஒரு மீட்டர்ச் சுற்றளவுள்ள சட்டத்தில் சுற்றினால் எண்ணுவது எளிது.

3. மீட்டரைக் கிராமால் வகுத்து, 0.59-ஆல் பெருக்கினால் பருத்தி நூல் எண் கிடைக்கும். 100 மீட்டர் நூல் 1.97 கிராம் இருந்தால், விடை 30. கம்பளிப் பின்னல் நூலுக்கு 100 கிராமுக்கு எத்தனை மீட்டர் என்று கண்டால் போதும். 10 மீட்டர் 4.4 கிராம் இருந்தால், 100 கிராமுக்கு 227 மீட்டர். அது டபுள் நிட்டிங் வகை.

4. நூலின் வெவ்வேறு இடங்களிலிருந்து நான்கைந்து முறை அளந்து சராசரி காண வேண்டும். கை நூலுக்கு இது மிகவும் அவசியம்.

5. ஈரம், கஞ்சி, சாயம் மூன்றும் எடையைக் கூட்டி நூலைத் தடித்ததாகக் காட்டும். பருத்தி இயல்பாகவே ஈரத்தை ஏற்கும். அதன் உலர்ந்த எடையில் 8.5 விழுக்காடு ஈரம் வணிகத்தில் ஏற்கப்பட்ட அளவு. இந்திய ஆய்வகங்களில் 65 விழுக்காடு ஈரப்பதமும் 27 பாகை செல்சியஸ் வெப்பமும் உள்ள அறையில் நூலை வைத்திருந்து பிறகு நிறுப்பர். வீட்டில் செய்வோர் மழைநாளில் நிறுப்பதைத் தவிர்த்து, கஞ்சி இருந்தால் அலசி உலர்த்திய பின் நிறுக்கலாம்.

தராசே இல்லாத இடத்தில் ஒப்பீட்டு முறை உதவும். எண் தெரிந்த நூலையும் தெரியாத நூலையும் ஒன்றோடொன்று கொக்கியாக மாட்டி, இருபுறமும் சேர்த்து முறுக்கி, தொட்டும் பார்த்தும் இரண்டு பக்கத்தின் தடிமனையும் ஒப்பிடலாம். 20-க்கும் 40-க்கும் உள்ள வேறுபாட்டை இது தெளிவாகக் காட்டும். 36-க்கும் 40-க்கும் உள்ள வேறுபாட்டை இதைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. அதற்கு அளவுகோலும் தராசும் வேண்டும்.

முக்கியத்துவம்

நூல் எண் வெறும் தொழில்நுட்பக் குறியீடு அல்ல. நூற்பவருக்கு எவ்வளவு கூலி, நெய்பவருக்கு எவ்வளவு துணி, வாங்குபவருக்கு எவ்வளவு விலை என்ற மூன்று கேள்விகளும் அதில் அடங்கியுள்ளன. சீட்டு என்பது ஆலை தரும் வாக்கு. சட்டம் அந்த வாக்கைக் கட்டாயமாக்கியது. அதைச் சரிபார்க்கும் கணக்கோ ஒரு வகுத்தலும் ஒரு பெருக்கலும் மட்டுமே. அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டவருக்குச் சீட்டு கிழிந்த நூலும் பயன்படாத நூல் அல்ல. சீட்டு ஒட்டிய நூலும் கேள்விக்கு அப்பாற்பட்டது அல்ல.